குடிக்கூலி கொடாத குடி

சென்ற தவணையில் ஒருநாள் உயர்தர வகுப்பிலே சொற்பொருள் விளக்கம் நடந்துகொண்டிருந்தது. "குடி" என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதனடியாகப் பிறந்த சொற்களை ஒவ்வொருவராகக் கூறுமாறு மாணவர்களைப் பணித்தேன். குடிமகன், குடியரசு, குடியேற்றம், குடியிருப்பு, குடியுரிமை என்று அடுக்கினார்கள். பலகை நிரம்பியதும், என் பங்குக்கு, இன்று வழக்கு வீழ்ந்துவரும் "குடிக்கூலி" என்னும் சொல்லையும் அதன்கீழ் எழுதினேன். வீட்டு வாடகைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. பிறர் மனையில் குடியிருப்பவன் அதற்காகக் கொடுக்கும் கூலி என்று விரித்தேன்.

கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறி வருபவள். "சேர், நாங்க இருக்கிற லயத்துக்குக் குடிக்கூலி குடுக்கிறதில்லையே. அப்ப நாங்க குடியா, இல்லையா?" என்றாள்.

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவேளையாக மணி அடித்தது.

இலக்கண நூல்களில் விடை இருந்திருக்குமாயின் அப்போதே சொல்லியிருப்பேன். அப்பெண் கேட்டதோ, நூறாண்டுக்கு மேலாக இம்மலைநாட்டு நீதிமன்றங்களும் அமைச்சரவைகளும் கேட்டுக்கேட்டு நழுவவிட்ட கேள்வி. அதனை ஆராயப் புகுந்த எனக்குச் சட்டப் புத்தகத்திலும் பார்க்க என் தாயாரின் வீட்டுக் கதவே கூடுதலாகக் கற்பித்தது. அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். அது என் தொழில், பொறுத்தருள்க. குடி என்பது வீட்டையும் குறிக்கும், வீட்டில் வாழும் குடும்பத்தையும் குறிக்கும், அரசனுக்குட்பட்ட மக்களையும் குறிக்கும், பிறர் நிலத்தைப் பயிரிடுபவனையும் குறிக்கும். இத்தனை பொருளும் ஒரே சொல்லில் ஏன் வந்து கூடின? ஓரிடத்தில் நிலைத்து இருத்தல் என்னும் கருத்தே இவை அனைத்துக்கும் அடியில் கிடக்கிறது. பழைய தமிழ்நாட்டு நில வழக்கிலே விளைச்சலில் மேலாளனுக்குரிய பங்கு மேல்வாரம் எனவும், உழுதவனுக்குரிய பங்கு குடிவாரம் எனவும் பெயர் பெற்றன. காணியாளனுடைய நிலத்தைப் பயிரிட்ட குடிகளிலும் இரு வகையினர் இருந்தனர். ஊரிலேயே தலைமுறையாகக் குடியிருந்து பயிர்செய்தவன் உள்குடி. அவன் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவரும் வரைக்கும் அவனை எழுப்பிவிடும் வழக்கம் இல்லை. பிற ஊரிலிருந்து வந்து பயிர்செய்தவன் புறக்குடி. அவனுடைய உரிமை ஆண்டோடு முடிந்தது. ஆங்கிலேயர் சென்னை மாகாணத்து நிலவுரிமைகளை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, எல்லிஸ் துரை முதலானோர் இவ்வேறுபாட்டை எழுதிவைத்தனர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்க முனைந்த அதே எல்லிஸ்தான்.

அந்நூற்றாண்டிலேயே அக்கரையிலிருந்து மன்னார் வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்து வந்த நம்மவர்கள் உள்குடிகளா, புறக்குடிகளா? இரண்டும் அல்லர் என்பதுதான் வேடிக்கை. அதைத் தெளிவாகக் காணவேண்டுமாயின் இரண்டு வீடுகளை அருகருகே நிறுத்திப் பார்த்தல் வேண்டும். ஒன்று, ஹட்டன் பட்டணத்தில் நான் குடியிருக்கும் வீடு. மற்றது, ஐந்து கட்டை தூரத்திலுள்ள ஒரு தோட்டத்தில் என் தாயார் குடியிருக்கும் லயக்காம்பரா.

நான் இருப்பது ஒரு கடைக்கார முதலாளியின் வீட்டு மேல்தளம். இரண்டு அறை, மழைக்காலத்தில் ஒரு மூலை ஒழுகும். மாதம் பிறந்ததும் வாடகையைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்வேன். முதலாளியும் நானும் இத்தனை ஆண்டில் நான்கைந்து முறை பிணங்கியிருக்கிறோம். ஒருமுறை தண்ணீர்க் குழாய்க்காக ஒரு மாதம் பேசாமலும் இருந்தோம். ஆயினும் "நாளைக்கே வெளியேறும்" என்று அவர் சொன்னதில்லை. அவர் நல்லவர் என்பது ஒரு காரணம். சட்டம் அறிந்தவர் என்பது மற்றது.

வாடகைக்குடிக்கு இந்நாட்டுச் சட்டம் பழமையான துணை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீடுகள் கிடைப்பது அரிதாகி வாடகை ஏறியபோது 1942-இல் வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச்சட்டம் பிறந்தது. அதன்பின் 1948-இல் 29-ஆம் இலக்கச் சட்டமும், 1972-இல் 7-ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வந்தன. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கலாகாது. பெற்ற பணத்துக்குச் சீட்டுக் கொடுத்தல் வேண்டும். நீதிமன்றத்தின் தீர்ப்பின்றிக் குடியை வெளியேற்றலாகாது என்றெல்லாம் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி மன்றத்திலே அதனைக் கட்டி, நிலுவை வைத்தான் என்னும் பழியினின்று தப்புவதற்கும் வழி வைத்தது. வாடகை மூன்று மாதம் நிலுவையானால் வழக்கு வரும் என்னும் எச்சரிக்கையும் அதில் உண்டு. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் புதிதாக வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பலவற்றை இப்பாதுகாப்பிலிருந்து விலக்கியது. ஆகையால் இக்காலத்தில் வாடகைக்குப் போகும் ஆசிரிய நண்பர்கள், முந்தியவர்களுக்கு இருந்த வேலி தமக்கும் இருக்கும் என்று நம்பிவிடாமல், ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, ஒவ்வொரு வரியையும் படித்துக் கையொப்பமிடுதல் நன்று.

இச்சட்டங்களுக்கெல்லாம் முற்பட்ட விதியொன்றும் உண்டு. ஒல்லாந்தர் இத்தீவை விட்டுப் போனபோது கோட்டைகளோடு தம் சட்டத்தையும் விட்டுச் சென்றனர். ரோமன் ஒல்லாந்தச் சட்டம் எனப்படும் அதன்படி, விற்பனைக்கு முந்தியது வாடகை. என் முதலாளி இவ்வீட்டை இன்று வேறொருவருக்கு விற்றாலும், புதியவர் என்னுடைய வாடகைக் காலத்தை மதிக்கவேண்டியவரே. வீட்டோடு குடியையும் சேர்த்தே அவர் வாங்குகிறார்.

இனி மற்ற வீட்டுக்குப் போவோம்.

என் தாயார் குடியிருக்கும் லயம் வெள்ளையர் காலத்தது. 10 அடிக்கு 12 அடி அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். அவர் அந்த வரிசையிலேயே நாலு காம்பரா தள்ளிப் பிறந்தவர். மணமுடித்து இந்தக் காம்பராவுக்கு வந்தவர். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். என் தந்தையார் அங்கேயே கவ்வாத்து வெட்டியவர். நானும் என் தங்கையும் பிறந்தது அந்த அறையில். அவ்வீட்டுக்கு வாடகை என்று ஒருபோதும் ஒரு சதமேனும் கொடுக்கப்பட்டதில்லை. கேட்டவரும் இல்லை.

இலவச வீடு என்று வெளியார் சொல்வர். அது எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு விலையுயர்ந்த இலவசம் என்பதைச் சட்டந்தான் எனக்குக் காட்டிற்று. வாடகைச் சட்டம் எதுவும் வாடகையின்றித் தொடங்காது. பணம் கைமாறினால் அங்கே வீட்டுக்காரன் உண்டு, குடி உண்டு, இருவருக்கும் இடையில் உடன்படிக்கை உண்டு. பணம் இல்லையேல் குடியும் இல்லை. லயத்தில் இருப்பவர் தொழிலின் பொருட்டு அங்கே இருக்க விடப்பட்டவர். விட்டவர் சம்மதம் உள்ளவரைக்கும் இருப்பவர். பட்டணத்தான் குடிக்கூலி கொடுத்துக் குடியிருக்கிறான். தோட்டத்தானுக்குக் குடியிருப்பே கூலியின் ஒரு பகுதி. கூலி நின்றால் குடியும் நிற்கும்.

இதற்கு அடி போட்டது 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம். அதன்படி தொழிலாளியின் ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படுவதாகக் கொள்ளப்பட்டது. முன்னறிவித்தல் இல்லாமல் அவன் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். சிறைக்கும் போக நேரிடும். போவதற்கு உரிமையில்லை, இருப்பதற்கும் உரிமையில்லை! ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் போக விரும்பியவனுக்குத் "துண்டு" என்று ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதில் அவன் பட்ட கடன் எழுதியிருக்கும். அக்கடனைப் புதிய தோட்டம் ஏற்றுக்கொண்டால் ஆள் இடம் மாறுவான். 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சொல் மட்டும் ஒழியவில்லை. எந்தச் சீட்டையும் துண்டு என்றே இன்றும் எங்கள் முதியோர் கூறுவர். அச்சொல் இக்கட்டுரையின் முடிவிலும் வரப்போகிறது.

இவ்வாறு நூலிழையில் தொங்கிய குடியிருப்பு, நீதிமன்றத்தின் முன் வெளிப்படையாக நின்ற ஒரு சந்தர்ப்பம் உண்டு. கேகாலைப் பகுதியில் நேவ்ஸ்மையர் என்றொரு தோட்டம். கிராம விரிவாக்கத்துக்காக அரசாங்கம் அதனைக் கையேற்றது. டி. எஸ். சேனாநாயக்க காணி, கமத்தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. நிலமற்ற கிராமத்தவர்க்கு நிலம் கொடுப்பது நல்ல நோக்கமே. ஆனால் அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் என்ன ஆவார்கள் என்பதை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தொழிலாளருக்கு வேலை நீக்க அறிவித்தலும், லயத்தை விட்டு வெளியேறும் அறிவித்தலும் கொடுக்கப்பட்டன. அவர்கள் வெளியேற மறுத்தார்கள். 1946-இல் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் அவர்களுக்காக வேலைநிறுத்தம் எழுந்தது.

வெளியேறாதவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம் யாதெனில், அத்துமீறி நுழைந்திருத்தல். தாம் வாழ்ந்த வீட்டிலேயே அத்துமீறல்! அவர்களுள் ஒரு தொழிலாளி இலங்கை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, இலண்டனில் உள்ள கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிட்டார். மலைநாட்டு லயத்தின் ஒற்றைக் காம்பரா கடல் கடந்து பேரரசின் உச்ச நீதிபதிகள் முன்னிலையில் போய் நின்றது. 1950-இல் தீர்ப்பு வந்தது. அத்துமீறற் குற்றத்துக்கு இன்றியமையாதது, உரியவருக்கு எரிச்சலூட்டவேண்டும், அவரை அவமதிக்கவேண்டும் என்னும் உள்நோக்கம். தனக்கு உரிமையுண்டு என்று மனமார நம்பி ஒருவன் ஓரிடத்தில் இருந்தால், அந்நம்பிக்கை சட்டப்படி தவறாகவே இருந்தாலும், பிறருக்கு அது எரிச்சல் தரும் என்று அவன் அறிந்திருந்தாலும், அதனால் மட்டும் அவன் குற்றவாளியாகான். இத்தொழிலாளியின் முதன்மையான நோக்கம் தன் வீட்டில் இருப்பதேயன்றிப் பிறரை வருத்துவதன்று. ஆகையால் தண்டனை செல்லாது. இதுவே தீர்ப்பின் சாரம். இந்தியாவின் உயர்ந்த நீதிமன்றமும் பிற்காலத்தில் இதனை எடுத்தாண்டது.

இத்தீர்ப்பை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. எத்துணைக் கருணையுள்ள தீர்ப்பு! ஆயினும் எத்துணைக் குறுகிய தீர்ப்பு! அவன் குற்றவாளி அல்லன் என்றது. உரிமையாளன் என்று சொல்லவில்லை. உனக்கு உரிமையுண்டு என்று நீ நம்பியது பிழை, ஆனால் நேர்மையான பிழை என்றது. தன் வீட்டைத் தன் வீடு என்று நம்பியது ஒரு மன்னிக்கத்தக்க பிழை! அதே காலத்தில், 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால், அவனைப் போன்ற இலட்சக்கணக்கானோர் இந்நாட்டின் குடிமக்களும் அல்லர் என்று ஆயினர். குடியிருப்பும் இல்லை, குடியுரிமையும் இல்லை. கரும்பலகையில் என் மாணவர் எழுதுவித்த சொற்களில் இரண்டை அழித்துவிட்டாற் போலாயிற்று. நெல்வயலைக் குத்தகைக்குப் பயிரிட்ட கமக்காரனுக்கு 1958-இல் நெற்காணிச் சட்டம் நிலைபேறு தந்தபோதும், அதே மலையின் மறுசரிவில் தேயிலை வளர்த்தவனுக்கு அது எட்டவில்லை.

என் தாயார் வீட்டுக்குக் கடிதம் வந்தது, தந்தையார் காலமாகி ஓராண்டு கழிந்தபின். ஆங்கிலத்தில் ஒரு தாள். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதிப் பயனுமில்லை, அத்தகைய கடிதங்கள் பல தோட்டங்களில் வந்திருக்கின்றன. அக்காம்பராவில் இப்போது வேலைப்பதிவு உள்ளவர் ஒருவரும் இல்லை என்றும், அது வேலைசெய்யும் குடும்பமொன்றுக்குத் தேவைப்படுகிறது என்றும், முன்னால் கட்டப்பட்டுள்ள மேலதிக அறை அனுமதியற்றது என்றும், ஒரு மாதத்துக்குள் ஒழித்துக் கொடுக்கவேண்டும் என்றும் கண்டிருந்தது. அந்த மேலதிக அறை என் தந்தையாரின் சேமலாப நிதிப் பணம். அவர் ஓய்வு பெற்ற ஆண்டில், வந்த தொகை முழுவதையும் சிமெந்தாகவும் கல்லாகவும் மாற்றி, என் தங்கையின் பிள்ளைகள் இருந்து படிப்பதற்கென்று எழுப்பியது.

தாயார் அழவில்லை. "தம்பி, நீ பண்டிதராச்சே, படிச்சுச் சொல்லு" என்று தாளை நீட்டினார். தமிழ்ப் பண்டிதனிடம் ஆங்கிலக் கடிதம். வாசித்தேன். பிறகு ஹட்டனில் எனக்குப் பழக்கமான சட்டத்தரணி ஒருவரிடம் கொண்டுசென்றேன்.

அவர் முதலிற் கேட்டது, நீதிமன்றக் கட்டளை ஏதும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று. இல்லை என்றேன். "அப்படியானால் இது கடிதம், கட்டளையன்று" என்றார். 1971-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தை அவரே எடுத்துக் காட்டினார். தோட்டக் குடியிருப்பில் இருப்போரை நீதிமன்றத்தின் கட்டளையின்றி வெளியேற்றலாகாது என்பது அதன் உயிர். துரை சொன்னார், காவற்காரன் வந்தான், பெட்டி படுக்கை வாசலில் கிடந்தது என்னும் காலத்துக்கு அச்சட்டம் முற்றுப்புள்ளி வைக்க முனைந்தது. ஐம்பதாண்டுக்கு மேல் பழமையான இச்சட்டத்தைப் பண்டிதப் பரீட்சையில் தேறிய நான் அறிந்திருக்கவில்லை. தோட்டத்துக் கடிதம் கண்டு நடுநடுங்கி, ஒருவரிடமும் கேளாமல் மூட்டை கட்டியவர் எத்தனை பேரோ.

அதே 1971-ஆம் ஆண்டில் அக்கரையிலும் ஒரு சட்டம் பிறந்தது. தஞ்சைத் தரணியில் பண்ணையாட்கள் மிராசுதாரரின் நிலத்திலேயே குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். வேலைக்கு வராவிட்டால் குடிசையைப் பிரி என்னும் நிலைதான் அங்கும். தமிழ்நாட்டரசு 1971-இல் குடியிருப்போருக்கு உடைமை வழங்கும் சட்டத்தை இயற்றி, அக்குடிசை நின்ற மனையை அவர்களுக்கே உரிமையாக்கிற்று. சட்டத்தின் பெயரிலேயே "குடியிருப்பு" என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கிலத்திலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஈடான சொல் கிடைக்கவில்லை போலும். கேரளத்திலே "குடிகிடப்பு" என்னும் பெயரால் இதே உரிமை 1970-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே காலம், ஒரே வகை மக்கள். தஞ்சையில் மனை சொந்தமாயிற்று. இங்கே, கேட்காமல் எழுப்பிவிடாதே என்பதளவில் நின்றது.

என் வீட்டுக் கதை பரவியபின் பலர் என்னைத் தேடி வரலாயினர். மாலையில் என் மாடிப்படியில் நாலைந்து பேர் அமர்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. நான் சட்டத்தரணி அல்லேன். அவரிடம் போகுமுன் தாள்களைக் கோவையாக அடுக்கிக் கொடுப்பதே என் வேலை. கேள்விகள் பெரும்பாலும் சுற்றிச்சுற்றி ஒன்றாகவே இருக்கும்.

"நூறு வருஷமா ஒரே காம்பராவுல இருக்கோம், பத்து வருஷம் இருந்தாலே சொந்தமாமே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். 1871-ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்தாண்டு ஆட்சி உரிமை தருவது உண்மை. ஆனால் அது உடைமையாளனுக்கு எதிராக, அவன் உரிமையை மறுத்து ஆண்ட ஆட்சியாக இருத்தல் வேண்டும். ஒருவருடைய சம்மதத்தோடு இருந்தவன் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த ஆட்சி உரிமையாக முதிராது. அரசுக்கு எதிராகவோ அது அறவே ஓடாது. பணிவோடு இருந்ததனாலேயே உரிமை போயிற்று என்று இதை அப்பெரியவருக்கு விளக்குவதற்கு எனக்கு நாவெழவில்லை.

சொந்தப் பணத்தில் கட்டிய சுவர் யாருடையது என்பது அடுத்த கேள்வி. நிலத்தோடு சேர்ந்தது நிலத்துக்குரியவனதே என்பது ரோமர் விதி. உடைமையாளனின் சம்மதத்தோடு செய்த மேம்பாடாயின் ஈடு கேட்டு வாதிட இடமுண்டு. "சம்மதம் எழுத்தில் இருக்கிறதா?" என்று சட்டத்தரணி என்னையும் கேட்டார். என் தந்தையாருக்குச் சம்மதம் தந்த துரை, பிரட்டுக்களத்தில் நின்றபடி, "கட்டிக்க" என்று ஒரு சொல்லில் தந்தார். அவர் மாற்றலாகிப் போய் நெடுநாளாயிற்று. ஆகவே தோட்டத்து அன்பர்களுக்கு நான் கூறுவது: ஒரு கல் வைப்பதாயினும் எழுத்தில் கேளுங்கள், மறுமொழி வராவிட்டாலும் கேட்ட கடிதத்தின் பிரதியைப் பதிவுத் தபால் சீட்டோடு பெட்டியில் வையுங்கள். மின்கட்டணச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வாக்காளர் பதிவு, எல்லாவற்றையும் வையுங்கள்.

வீட்டுக்காரர் யார் என்னும் கேள்விக்குத்தான் ஒருவராலும் நேர்விடை கூற முடிவதில்லை. 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975-ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992-இல் முகாமை தனியார் கம்பெனிகளிடம் சென்றது. பின்பு அது 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. நிலம் அரசினது; குத்தகை கம்பெனியினது; உள்ளே வாழ்க்கை எங்களது. கூரை ஒழுகுகிறது என்று கம்பெனியிடம் போனால் நிலம் அரசினது என்பர். அரச அலுவலகத்துக்குப் போனால் குத்தகைக்காரரைக் கேள் என்பர். பிரதேச சபையோ தோட்டத்துக்குள் ஒரு மதகு போடவும் சட்டம் இடந்தராது என்று 2018-இல் அச்சட்டம் திருத்தப்படும் வரைக்கும் கைவிரித்தது. இவற்றோடு 1979-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க அரச காணி மீட்டற் சட்டமும் சேர்ந்துகொண்டது. அரச காணியில் இருப்பவரை நீதவான் நீதிமன்றுக்கு அழைத்து, செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் உண்டா என்று மட்டும் அது கேட்கும். எத்தனை தலைமுறை என்று கேளாது.

கடிதம் வருவதற்கும் முகவரி வேண்டுமே. பட்டணத்து வீட்டுக்கு இலக்கம் உண்டு, தெருப்பெயர் உண்டு. மேட்டு லயம், பணிய லயம் என்பவை தபால்காரருக்கு முகவரிகள் அல்ல. தோட்டத்துக் கடிதங்கள் பெரும்பாலும் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறியே வந்துள்ளன. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் பிந்திக் கிடைத்து ஏங்கிய மாணவரை நான் அறிவேன். வெளியேறும் அறிவித்தல் மட்டும் ஒருபோதும் பிந்தியதில்லை.

சிறுவயதில் ஹட்டன் புகையிரத நிலையத்தில் கண்ட காட்சி ஒன்று என்னை விட்டகலாது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் தலைமன்னார் போவதற்கு ஏறிய வண்டி. ஒப்பாரிக் கோச்சி என்று அதற்குப் பெயர். என் பெரியப்பா குடும்பம் ஏறியது. பெரியம்மா தம் காம்பராவின் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே போனார் என்று என் தாயார் இன்றும் சொல்வார். கந்தோரில் ஒப்படைக்கவேண்டிய சாவி. நிலத்துக்காக உயிரையும் கொடுத்திருக்கிறார்கள் எம்மவர். 1977 மே மாதம், தோட்டக் காணி 7000 ஏக்கரைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், இங்கிருந்து அதிக தூரமில்லாத டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்.

மாறுதல் வரவில்லை என்று கூறுவது நன்றி மறத்தலாகும். 1988-ஆம் ஆண்டின் 39-ஆம் இலக்கச் சட்டமும் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமும் குடியுரிமையை மீட்டுத் தந்தன. 2015-க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் கொள்கை உருவாயிற்று. 2017 மே 12-ஆம் திகதி, நோர்வூட்டில் கூடிய மக்கள் முன்னிலையில், இந்தியப் பிரதமர், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 4000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நானும் அக்கூட்டத்தில் நின்றேன். வீடு எழும்பிய இடங்களுக்கும் போய்ப் பார்த்திருக்கிறேன். திறப்புவிழாக் கல்லை எல்லாரும் காட்டுவார்கள். நான் கேட்பது, உறுதி கைக்கு வந்ததா என்று. காணிப் பத்திரத்துக்கு உறுதி என்று பெயர் வைத்த ஈழத்தமிழ் வழக்கை நான் வியப்பதுண்டு. சுவர் எழும்பியும் உறுதி வராத வீடு, என் தாயாரின் காம்பராவுக்குச் சட்டத்தில் தூரத்து உறவே.

தாயாரின் கதைக்கு வருகிறேன். சட்டத்தரணி ஒரு பக்கத்தில் மறுமொழி எழுதினார். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி, நீதிமன்றக் கட்டளையின்றி எதுவும் செய்யலாகாது என்று முடித்தார். அதன்பின் தோட்டத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வழக்கும் இல்லை, வாபஸும் இல்லை. மாதங்கள் சென்றன. முன்னறையில் பிள்ளைகள் படிக்கிறார்கள். என்னோடு ஹட்டனுக்கு வந்துவிடுமாறு அழைத்தேன். "நான் எந்திரிச்சுப் போனா அன்னிக்கே பூட்டுப் போட்டுருவாங்க" என்று மறுத்துவிட்டார். தங்கை மகளின் திருமணத்துக்குக்கூட ஓரிரவு வெளியே தங்க மனமில்லாதிருந்தார்.

மறுவாரம் வகுப்பில் அம்மாணவிக்கு, சட்டம் இதுவரை உங்களைக் குடி என்று ஏற்கவில்லை, வாடகை கொடாதவரைக் குடி என்று அது அழைப்பதில்லை என்று விளக்கினேன். அதையே ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயாரிடமும் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் சம்பள நாளில் அவர் தோட்டத்துக் கந்தோருக்குப் போயிருக்கிறார். தங்கைதான் சொன்னாள். பெரிய கிளாக்கர் மேசைமீது ஆயிரம் ரூபாய் நோட்டொன்றை விரித்து வைத்து, "ஐயா, காம்பராவுக்கு வாடகை. எடுத்துக்கிட்டு ஒரு துண்டு எழுதிக் குடுங்க" என்றாராம். கிளாக்கர் திகைத்து உள்ளே போய்த் துரையிடம் கேட்டு வந்தாராம். வாடகை வாங்க விதியில்லை, கொண்டு போங்கள் என்றாராம். "பரவாயில்லைங்க, கூடக் கேட்டாலும் தாறேன்" என்று தாயார் நின்றிருக்கிறார். அவரை விறாந்தையில் வெகுநேரம் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, நோட்டைத் திருப்பிக் கையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அந்த நோட்டு, தந்தையாரின் சேமலாப நிதிப் புத்தகத்தோடு, சாமிப்படத்தின் பின்னால் இருந்தது. "அடுத்த மாசமும் போவேன்" என்றார்.